மன்னரின் பிடரியும் தாவிய ஆமையும்

ஒரு காட்டில் ஒரே ஒரு கணினி இருந்தது. விலங்குகள் நிறைய இருந்தன. ஆலமரத்தடியில் அதை வைத்து, மேலே தகரக் கூரை போட்டு, 'பொதுச்சொத்து' என்று எழுதி வைத்திருந்தார்கள். அப்படி எழுதியவர் செயலாளர் நரி. சாவியும் அவரிடம்தான் இருந்தது.

அந்தக் காட்டின் மன்னர் சிங்கம் சீர்திருத்த எண்ணம் கொண்டவர். பல்லாலும் நகத்தாலும் வழக்குத் தீர்ப்பது காட்டுமிராண்டித்தனம் என்று ஒரு நாள் அவருக்குத் தோன்றியது. பல்லும் நகமும் ஆட்டங்காணும் வயதில் மன்னர்களுக்கு இப்படித் தோன்றுவது உண்டு. உடனே ஓர் ஆணை பிறந்தது. இனி இடத் தகராறு எதுவானாலும் இரு தரப்பும் கணினியில் வண்டிப் பந்தயம் ஆட வேண்டும். ஜெயித்தவருக்கு இடம். ஆனால் ஜெயித்தால் மட்டும் போதாது. ஆட்டத்தை, வண்டியில் ஆடுபவர் முகமும் தெரியும்படி, தொடக்கம் முதல் முடிவு வரை பதிவு செய்து, இடையறாத காணொளியாக, ஏழாம் எண் படிவத்தோடு சேர்த்துத் தர வேண்டும்.

எல்லாருக்கும் ஒரே வண்டி, ஒரே பாதை, ஒரே பொத்தான். யானைக்கும் எறும்புக்கும் சம வாய்ப்பு என்று ஆணையில் பெருமையாகப் போட்டிருந்தது. எறும்பு எவ்வளவு ஏறி மிதித்தாலும் பொத்தான் அழுந்தாது என்பது ஆணையில் இல்லை.

காட்டின் வடக்கு ஓரத்தில் ஒரு குளம். அதில் நாச்சியம்மை என்ற ஆமை குடியிருந்தது. அந்த வருடம் கரை மணலில் இருபத்திரண்டு முட்டைகளைப் புதைத்துவிட்டு, மழைக்கு முன் பொரிந்துவிடும் என்று நாளெண்ணிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் முயல் வந்தது. முயலின் பெயர் வேகவேந்தன். அந்தப் பெயரை அதுவே வைத்துக்கொண்டது. குளத்தை மண் கொட்டித் தூர்த்து ஓட்டப் பயிற்சி மைதானம் போட வேண்டும் என்று அது மனுக் கொடுத்திருந்தது.

"ஓடுறதுக்குத்தான் காடு முழுக்க இருக்கே, தம்பி" என்றது ஆமை.

"காட்டுல மரமெல்லாம் குறுக்க நிக்குது, ஆமையக்கா. ரசிகர்களுக்கு என்னைச் சரியாத் தெரியல."

"கரையில முட்டை வச்சிருக்கேன்."

"வேற இடத்துல வைங்க. உங்களுக்கென்ன, வீட்டையே முதுகுல தூக்கிட்டு அலையறவங்க."

முட்டையை முதுகில் தூக்க முடியாது என்று சொல்ல ஆமை வாயெடுத்தது. சொல்லி முடிப்பதற்குள் முயல் போய்விட்டது. இருவரும் பந்தயத்துக்குப் பெயர் கொடுத்தார்கள்.

பந்தயம் நடந்தது. நடந்தது என்னவென்று உங்களுக்குத் தெரியும் என்று நினைப்பீர்கள். முயல் தூங்கவில்லை. இந்தக் காலத்து முயல் தூங்காது. மூன்றாவது வளைவில் வெகுதூரம் முன்னால் போனதும் அதன் செல்போன் மணியடித்தது. ரசிகர் ஒருவர் பாராட்டு எழுதியிருந்தார். முயல் வண்டியை ஓரம் கட்டிவிட்டு அதைப் படித்தது. இரண்டாவது முறையும் படித்தது. நன்றி எழுதியது. அதற்குள் ஆமை, வளைவுக்கு வளைவு பிரேக் போட்டு, கோட்டைத் தாண்டிவிட்டது.

மறுநாள் ஆமை வீடியோவோடு செயலாளர் முன்னால் நின்றது. நரி போட்டுப் பார்த்தார். வண்டிகள் கிளம்பின. முதல் வளைவு வந்தது. படம் திக்கியது. இரண்டாம் வளைவில் ஆமையின் வண்டி நின்று, நடுங்கி, பத்தடி தள்ளித் தோன்றியது. மூன்றாம் வளைவில் முயலின் வண்டி உறைந்து நின்றது, ஆமையின் வண்டி பின்னால் உறைந்து நின்றது. வெகுநேரம் அப்படியே இருந்தது. பிறகு திடீரென்று ஆமையின் வண்டி முடிவுக் கோட்டில் இருந்தது.

"மூன்றாம் வளைவில் இருந்தீர்கள். அடுத்த கணம் முடிவில் இருக்கிறீர்கள். இடையில் என்ன செய்தீர்கள்?" என்றார் நரி.

"ஓட்டினேனுங்கய்யா."

"அது காணொளியில் இல்லையே."

"நடந்துச்சுங்களே."

"காணொளியில் இல்லாதது நடந்ததாக எழுதப் படிவத்தில் கட்டம் இல்லை. மூன்று நாள் அவகாசம் தருகிறேன். மறுபந்தயம் ஆடி, இடையறாத காணொளியோடு வாருங்கள். தவறினால் குளம் எதிர்த்தரப்புக்கு."

வெளியே முயல் காத்திருந்தது. "ஆமையக்கா எடுத்தா வீடியோவும் ஆமை மாதிரித்தானே வரும்" என்று சொல்லிச் சிரித்தது. ஆமைக்கும் உள்ளுக்குள் அந்தச் சந்தேகம் இருந்தது. ஒடுக்கப்பட்டவர்களுக்கு உள்ள பழைய வியாதி இது. இயந்திரம் கெட்டால்கூடத் தன் ராசிதான் என்று நினைப்பார்கள்.

ஆலமரத்தின் மறுபக்கம் உதவி மையம் இருந்தது. அதில் குரங்கு உட்கார்ந்திருந்தது. வரிசையில் நின்று ஆமையின் முறை வர மத்தியானம் ஆகிவிட்டது.

"என்ன புகார்?"

"வீடியோ விட்டு விட்டு வருது."

"அணைச்சுப் போட்டுப் பாத்தீங்களா?"

"எதை?"

"எதையாவது."

அணைத்துப் போட்டார்கள். அப்படியே திக்கியது. "அப்ப வீடியோவோட தரத்தைக் குறைங்க. சின்னதா எடுத்தா தானா ஓடும்" என்றது குரங்கு. தரத்தைக் குறைத்து ஒரு சோதனை ஓட்டம் பதிவு செய்தார்கள். கூழில் கரைத்தது போல வந்தது. அப்போதும் திக்கியது. சரிதானா என்று கேட்க ஆமை அதைச் செயலாளரிடம் கொண்டுபோனது.

நரி மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டினார். "வண்டியில் இருப்பது யார்?"

"நான்தானுங்க."

"இது பாறை. பாறை ஜெயித்ததாக நான் எழுத முடியாது."

முதல் நாள் இப்படிப் போயிற்று.

இரண்டாம் நாள் காலை ஆமை கணினியின் முன்னால் வெறுமனே உட்கார்ந்திருந்தபோது, தகரக் கூரையில் ஒரு காக்கை வந்து இறங்கியது. அதன் பெயர் கருவேலன். 'பொறுக்கித் தின்னும் உயிர்கள் சங்க'த்தின் தலைவர். நாற்பது வருடம் மனு எழுதி அலகு தேய்ந்த காக்கை. மூன்று முறை கூண்டுக்குப் போய் வந்ததில் இடது சிறகில் நாலு இறகு இல்லை. சங்கம் இரண்டு முறை பிளந்துவிட்டது. இப்போது உறுப்பினர் கருவேலன் மட்டும்தான். ஆனாலும் கூட்டத்துக்குப் போதிய பேர் வந்திருக்கிறார்களா என்று ஒரு முறை சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் பேச ஆரம்பிக்கும்.

"என்ன தோழர், முகம் வாடியிருக்கு?"

ஆமை சொன்னது. காக்கை கீழே இறங்கி, கணினிப் பெட்டியில் காது வைத்துக் கேட்டது. உள்ளே விசிறி ஆஸ்துமாக்காரன் மூச்சு போல இரைந்துகொண்டிருந்தது.

"உங்க மேல தப்பில்ல. ரெக்கார்டர் மேலயும் தப்பில்ல" என்றது காக்கை. "கேம் இருக்கே, அது ஒரு நொடிக்கு இத்தனை படம்னு வரைஞ்சுகிட்டே இருக்கும். ரெக்கார்டர் பக்கத்துல உக்காந்து அதைப் பாத்துப் பாத்து எழுதணும். சாட்சி எழுதறவனுக்கும் சோறு வேணுமில்ல? எல்லாத்தையும் மத்தவன் தின்னுட்டா அவன் மயங்கி விழுவான். நாலு படம் எழுதுவான், நாப்பது படம் விடுவான். அதைத்தான் நீங்க திக்குதுன்னு சொல்றீங்க."

"யாரு தின்னது?"

"அதைத்தான் பாக்கணும்."

கணினியில் அறுபத்திரண்டு ஜன்னல்கள் திறந்து கிடந்தன. அந்தக் காட்டில் ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் கட்டிய கூட்டை இன்னொருவர் கலைக்கக் கூடாது. கணினி வந்தபோது அதே வழக்கம் கணினிக்கும் வந்தது. திறந்தவர்தான் மூட வேண்டும். திறந்தவர்களோ திறந்ததை மறந்துவிட்டு இரை தேடப் போய்விடுவார்கள். அணைத்துப் போட்டாலும் அத்தனை ஜன்னலும் தாமாகத் திறந்துகொள்ளும்படி நரி அமைத்திருந்தார். மரபைக் காக்கும் அரசு என்று அதற்குப் பெயர்.

"கடையடைப்பு வச்சிருவோம்" என்றது காக்கை. அதன் கண்ணில் இருபது வருடமாக இல்லாத ஒரு பளபளப்பு வந்தது. "நாளைக்கு உச்சிவெயில் நேரம். அரை மணி. எல்லாரும் அவங்கவங்க ஜன்னலை மூடணும். அதுக்கு முன்னாடி இன்னிக்கே ஒரு தடவை மூடிப் பாத்துருவோம்."

இருவரும் வீடு வீடாகப் போனார்கள். காக்கை பறந்து போய்ச் சேர்ந்து, ஆமை வரும்வரை அரை நாழிகை காத்திருந்து, பிறகு கதவைத் தட்டியது. பாதிக்கப்பட்டவர் இல்லாமல் பேசுவது சங்க விதிக்கு முரண்.

மயில் தன் முகம் பார்க்கக் கேமராவைத் திறந்து வைத்திருந்தது. "அதை மூடிட்டா என் முகத்தை நான் எதுல பாக்குறது?"

"அரை மணி நேரம் உன் முகத்தை நாங்க பாத்துக்கறோம்."

தவளை வானிலை அறிக்கையைத் திறந்து வைத்திருந்தது. "மழை வருதான்னு தெரிய வேண்டாமா?"

"வந்தா நனைவ. தெரிஞ்சுக்குவ."

கழுகு இறப்புச் செய்திகளைத் திறந்து வைத்திருந்தது. "அந்த அரை மணியில யாராச்சும் செத்துட்டா?"

"அரை மணி கழிச்சும் செத்துத்தான் இருப்பான்."

ஆந்தை எதையோ திறந்து வைத்துவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தது. எழுப்பியதும், "மூடாதீங்க, படிச்சிட்டிருக்கேன்" என்றது.

இப்படி எல்லாரிடமும் வாதம் நடந்தது. கடைசியில் எல்லாரிடமும் காக்கை ஒரே கேள்வியைத்தான் கேட்டது. "தண்ணி எங்க குடிக்கிற?" வடக்குக் குளத்தை விட்டால் வேறு இடம் யாருக்கும் இல்லை. அறுபத்திரண்டு பேரும் அன்று மாலையே வந்து, முணுமுணுத்துக்கொண்டு, தத்தம் ஜன்னலை மூடினார்கள். காட்டின் வரலாற்றில் அதுதான் முதல் முழு அடைப்பு. காக்கை ஒரு முறை தொண்டையைச் செருமிக்கொண்டது.

ஆமை சோதனை ஓட்டம் ஓட்டிப் பதிவு செய்தது. போட்டுப் பார்த்தார்கள். மூன்றாம் வளைவில் மறுபடியும் திக்கியது.

"அப்ப நாங்க மூடினது எதுக்கு?" என்றது கழுகு. போராட்டத்தின் மிக ஆபத்தான கேள்வி அதுதான்.

கணினியில் யார் எவ்வளவு தின்கிறார்கள் என்று காட்டும் பட்டியல் ஒன்று உண்டு. அதை எப்போதும் அகர வரிசையில் வைத்திருப்பார் நரி. முதலில் அணிலின் பெயர் வரும். ஆகவே கணினி மந்தமாகும்போதெல்லாம் நரி பட்டியலின் முதல் வரியைக் காட்டி, "அணிலால் வந்த வினை" என்பார். அணில் இதுவரை ஏழு மன்னிப்புக் கடிதம் எழுதியிருந்தது. அது கணினியில் வைத்திருந்தது நாலு கொட்டையின் படம் மட்டுமே.

காக்கை பட்டியலை மாற்றிப் போட்டது. அதிகம் தின்பவர் மேலே, குறைவாகத் தின்பவர் கீழே.

மேலே வந்தது, 'வாழ்க மன்னர் திருவுருவம்'.

திரையின் வலது மூலையில், நக அளவில், மன்னரின் அசையும் படம் ஒன்று எப்போதும் இருக்கும். சட்டப்படி எல்லா வேலைக்கும் மேலாக அது தெரிய வேண்டும். அதில் மன்னரின் பிடரி காற்றில் அலையும். பிடரியில் பதினோராயிரம் முடி. ஒவ்வொரு முடியும் தனித்தனியாக அலையும்.

"நொடிக்கு எத்தனை படம் வரையுது பாருங்க, முந்நூறு" என்றது காக்கை. "கண்ணுக்கு முப்பதே தாராளம். மீதி இருநூத்தி எழுபது யாருக்கு?"

"யாரு பாக்கறாங்க?" என்றது ஆமை.

"யாரும் பாக்கல. அதுதான் மன்னராட்சி."

அந்தப் படத்தின் அமைப்புகளில் ஒரு சிறு கட்டம் இருந்தது. 'நொடிக்கு உச்சவரம்பு: இல்லை.' காக்கை அதை அலகால் தொட்டுப் பார்த்தது.

"நிலத்துக்கு உச்சவரம்பு வேணும்னு நான் எழுதாத பாறை இந்தக் காட்டுல இல்ல, தோழர். கூண்டுக்குப் போனது இந்த ஒரு சொல்லுக்காகத்தான். கடைசியில இத்தனூண்டு கட்டத்துக்குள்ள உக்காந்திருக்கு."

முதலில் கேமுக்கு உச்சவரம்பு வைத்தது. நொடிக்கு அறுபது படம், அதற்குமேல் வரையாதே. பிறகு மன்னரின் கட்டத்துக்கு வந்தது.

"அண்ணே, அதுல முப்பது போடுங்க" என்றது ஆமை. "பிடரியும் அசையும், நம்ம வீடியோவும் ஓடும். யாருக்கும் தெரியாது."

காக்கை 'ஒன்று' என்று போட்டது.

"அண்ணே."

"நாப்பது வருஷமா நான் முப்பது ஏக்கர்தான் கேட்டேன். ஒண்ணுகூடக் குடுக்கல. இப்ப என் முறை."

ஆமைக்குச் சரியாகப் படவில்லை. ஆனால் வாழ்க்கையில் முதல் முறையாக ஒருவர் தனக்காக அறுபத்திரண்டு வாசல் ஏறி இறங்கியிருக்கிறார். அவரிடம் எப்படி வாதாடுவது? அது சும்மா இருந்துவிட்டது. சோதனை ஓட்டம் ஓட்டினார்கள். எண்ணெயில் வழுக்குவது போல வீடியோ ஓடியது.

மூன்றாம் நாள் உச்சிவெயில் நேரம். மறுபந்தயம். அறுபத்திரண்டு ஜன்னலும் மறுபடி மூடின. முயல் இந்த முறை உறுதியோடு வந்திருந்தது. "வழியில எங்கயும் நிக்கப் போறதில்ல" என்று எல்லார் முன்னாலும் சொன்னது. செல்போனை மட்டும் மணிக்கட்டிலேயே கட்டியிருந்தது.

கடையடைப்பில் சும்மா உட்கார்ந்திருந்த அறுபத்திரண்டு பேரையும் காக்கை ஏற்கெனவே ஒரு வேலையில் அமர்த்தியிருந்தது. ஆளுக்கொரு செல்போன். முயல் மூன்றாம் வளைவை எட்டியதும் காக்கை ஒரு முறை கரைந்தது. அறுபத்திரண்டு பாராட்டுகள் ஒரே நேரத்தில் போயின.

மயில், "என்னைவிடக் கொஞ்சம்தான் அழகு குறைவு" என்று எழுதியிருந்தது. "நீ ஓடினால் மழை வரும்" என்றது தவளை. ஆந்தை, "கனவில் வந்தாய்" என்றது. கழுகு மனதிலிருந்ததை அப்படியே எழுதியது: "உன்னைப் பார்த்தாலே பசிக்கிறது."

முயல் முதல் மணிக்கு நிற்கவில்லை. ஐந்தாவது மணிக்கும் நிற்கவில்லை. இருபதாவது மணி அடித்தபோது கண் ஓரமாகப் போயிற்று. முப்பதாவதில் வண்டியை ஓரம் கட்டியது. ஆமை, வளைவுக்கு வளைவு பிரேக் போட்டு, அதைத் தாண்டிப் போனது. கோட்டைத் தொட்டபோது முயல் கழுகுக்கு நன்றி எழுதிக்கொண்டிருந்தது.

மறுநாள் மன்னர் முன்னிலையில் விசாரணை. ஆலமரத்தில் வெள்ளை வேட்டி கட்டி வீடியோவைப் போட்டார்கள். காடே கூடியிருந்தது. ஒரு நொடிகூடத் திக்கவில்லை. முயல் வண்டியை நிறுத்துவது தெரிந்தது. படிப்பது தெரிந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டதுகூடத் தெரிந்தது. காடு சிரித்தது. மன்னரும் சிரித்தார்.

நரி மட்டும் சிரிக்கவில்லை. எழுந்து, வேட்டியின் வலது மூலையில் குச்சியை வைத்தார்.

"மன்னரின் பிடரி அசையவில்லை."

எல்லாரும் பார்த்தார்கள். நக அளவுத் திருவுருவத்தில் மன்னர் சிலையாக இருந்தார். ஒரு நொடிக்கு ஒரு முறை வெடுக்கென்று ஒரு முடி இடம் மாறியது.

"காத்து இல்லாத நாளா இருக்கும்" என்றது காக்கை.

"மன்னர் இருக்கும் இடத்தில் காற்று இருக்கும். மன்னர் நொடிக்கு ஒரு முறைதான் உயிரோடிருக்கிறார் என்று இந்தக் காணொளி சொல்கிறது."

மன்னர் மெல்லக் கையை உயர்த்தித் தன் பிடரியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். சிரிப்பு நின்றது.

"முதல் காணொளியைப் போடுங்கள்" என்றார் நரி. போட்டார்கள். வண்டிகள் திக்கின, உறைந்தன. மூலையில் மன்னரின் பிடரி பதினோராயிரம் முடியோடு வெள்ளமாய் அலைந்தது. மன்னரின் முகம் மலர்ந்தது.

"மன்னர் சரியாகத் தெரியும் காணொளியே உண்மைக் காணொளி. இரண்டாவது போலி. திருவுருவத்துக்கு உச்சவரம்பு வைப்பது இன்று முதல் ராஜத்துரோகம்" என்று நரி சொல்லிக்கொண்டே எழுதினார். "உண்மைக் காணொளியின்படி ஆமை மூன்றாம் வளைவில் இருந்தது, அடுத்த கணம் முடிவில் இருந்தது. ஆகவே ஆமை தாவியிருக்கிறது. தாவி ஜெயித்திருக்கிறது. வெற்றி ஆமைக்கே."

கைதட்டல் எழுந்தது. ஆமை தலையை ஓட்டுக்குள்ளிருந்து முழுதாக வெளியே நீட்டியது.

"குடியிருப்புச் சட்டப்படி தாவும் உயிர்களுக்கு மரத்தில்தான் இடம்" என்று நரி தொடர்ந்தார். "ஆமைக்குக் குளக்கரை அத்திமரத்தில் நான்காவது கிளை ஒதுக்கப்படுகிறது. காலியாகும் குளம் எதிர்த்தரப்புக்கு."

"முயலும் தாவுற சாதிதானே?" என்று காக்கை கத்தியது.

"ஆதாரம்?" நரி வீடியோவைச் சுட்டினார். "இரண்டு காணொளியிலும் முயல் நின்றுகொண்டுதான் இருக்கிறது."

"மரம் ஏறத் தெரியாதுங்கய்யா" என்றது ஆமை.

"ஏற வேண்டாம். தாவுங்கள்."

கூட்டம் கலைந்தது. ஆலமரத்தடியில் ஆமையும் காக்கையும் மட்டும் இருந்தார்கள்.

"முப்பது போட்டிருக்கணும்" என்றது காக்கை.

"ஆமாண்ணே" என்றது ஆமை.

தலைவர்கள் தவறை ஒப்புக்கொள்வது அபூர்வம். தொண்டர்கள் அதை ஆமோதிப்பது அதைவிட அபூர்வம்.

மறுநாள் ஆமை அத்திமரத்தடிக்குப் போனது. அங்கிருந்து பார்த்தால் முட்டை புதைத்த மணல் தெரியும். 'தாவும் முயற்சி நடைபெறுகிறது' என்று செயலாளருக்கு ஒரு கடிதம் அனுப்பிவிட்டு, அரசாணையை எடுத்து வைத்துப் படிக்க ஆரம்பித்தது. ஆமை மெதுவாகப் படிக்கும். மெதுவாகப் படிப்பவர்கள் மட்டுமே அரசாணையின் கடைசிப் பக்கத்தை அடைகிறார்கள். முயல் மண் வண்டிகளுக்குச் சொல்லி அனுப்பிய மூன்றாம் நாள், ஆமை கடைசிப் பக்கத்தை அடைந்தது.

"அண்ணே, இங்க வாங்க. குளத்தைத் தூர்க்கணும்னா எட்டாம் எண் படிவம் குடுக்கணுமாம். கட்டப் போற மைதானத்தை முதல்ல கேமுல போட்டு, அதுல ஒரு சுத்து ஓடிக் காட்டி, அதையும் இடையறாத காணொளியா எடுத்துத் தரணுமாம்."

"எடுப்பான். அவனுக்கு என்ன."

"திக்கினா?"

காக்கை தலையைச் சாய்த்தது.

"நீங்க ஒரு மனு எழுதணும்" என்றது ஆமை.

"கண்டன மனுவா?"

"வாழ்த்து மனு."

அன்று முழுக்கக் கருவேலன் ஒரு பருக்கை தொடவில்லை. மறுநாள் விடிந்ததும் அலகைத் தீட்டிக்கொண்டு எழுத உட்கார்ந்தது. மன்னரின் பிடரிக்குப் பதினோராயிரம் முடி என்பது மன்னரின் புகழுக்குப் போதவில்லை என்று எழுதியது. ஒரு லட்சமாக உயர்த்த வேண்டும் என்று எழுதியது. ஒரு திருவுருவத்தைக் காடே பகிர்ந்துகொள்வது பக்திக்கு இழுக்கு, குடிமக்கள் ஒவ்வொருவரும் தனக்கென ஒரு திருவுருவ ஜன்னல் திறந்துகொள்ள அனுமதி வேண்டும் என்று எழுதியது. எழுதி முடித்து, குளத்துக்குப் போய் அலகைக் கழுவியது.

மன்னர் அதைப் படித்துக் கண் கலங்கினார். ஒரே நாளில் ஆணை வந்தது. அறுபத்திரண்டு பேரும் வரிசையில் நின்று ஆளுக்கொரு திருவுருவத்தைத் திறந்தார்கள். கணினிப் பெட்டியின் இரைச்சல் குளம்வரை கேட்டது.

முயல் தன் மைதானத்தில் ஒரு சுற்று ஓடிப் பதிவு செய்து, எட்டாம் எண் படிவத்தோடு வந்தது. வேட்டியில் போட்டார்கள். முயல் தொடக்கக் கோட்டில் நின்றது. வெகுநேரம் நின்றது. திடீரென்று நடுவில் நின்றது. திடீரென்று முடிவில் நின்றது. நரி முத்திரையைக் கையில் எடுத்தார்.

"அய்யா" என்று கூட்டத்தின் பின்னாலிருந்து பணிவான ஒரு குரல் வந்தது. ஆமை. "முயல் தாவுதுங்களே."

முத்திரை பாதி வழியில் நின்றது. நரிக்கு முயல்மேல் பிரியம் உண்டு. தன் கையெழுத்தின்மேல் அதைவிடப் பிரியம். தாவும் உயிர்களுக்கு மரத்தில்தான் இடம் என்று அவரே எழுதி, மன்னர் முன்னால் வாசித்தும் இருக்கிறார். அத்திமரத்தில் ஐந்தாவது கிளை காலியாகத்தான் இருந்தது.

முயல் பாய்ந்து போய்ப் படிவத்தைப் பிடுங்கிக்கொண்டது. "நாளைக்கு வேற எடுத்துட்டு வரேன்."

மறுநாள் எடுத்தது. தாவியது. அதற்கடுத்த நாளும் தாவியது. கடைசியில் ஒவ்வொருவர் வாசலாகப் போய், அரை மணி நேரம் ஜன்னலை மூடச் சொல்லிக் கெஞ்சியது.

"எந்த ஜன்னலை?" என்றது கழுகு. "மன்னரையா மூடச் சொல்ற? கொஞ்சம் சத்தமாச் சொல்லு, எல்லாருக்கும் கேக்கட்டும்."

முயல் சத்தமில்லாமல் திரும்பிப் போனது. உச்சவரம்பு வைக்கலாமா என்று நரியைக் கேட்கப் பார்த்தது. நரி காது கேளாதவர் போலப் படிவங்களை அடுக்கிக்கொண்டிருந்தார். மண் வண்டிகள் பாதி வழியில் நின்று, அவற்றில் புல் முளைத்தது.

மழைக்கு நாலு நாள் முன்னால் முட்டை பொரிந்தது. இருபத்திரண்டில் பத்தொன்பது. மணலைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்து, கரையிலிருந்து தண்ணீருக்குப் போய்ச் சேர அவற்றுக்கு அரை நாள் ஆயிற்று. பிறப்புப் பதிவுக்காக நரி அதை வீடியோ எடுத்துக் கணினியில் போட்டார். வீடியோவில் முதலில் மணல் இருந்தது. அடுத்து தண்ணீர் இருந்தது. 'தாவும் இனம், முகவரி: அத்திமரம், நான்காவது கிளை' என்று பத்தொன்பது சான்றிதழிலும் எழுதிக் கையெழுத்திட்டார்.

ஆமை குளத்தில் மிதந்தபடி குஞ்சுகளை எண்ணிக்கொண்டிருந்தது. மேலே நான்காவது கிளையில், சும்மா கிடக்கிறதே என்று, கருவேலன் உட்கார்ந்திருந்தது.

"நாப்பது வருஷத்துல என் மனு ஒண்ணு நிறைவேறினது இதுதான்" என்றது காக்கை.

"நல்லா எழுதியிருந்தீங்கண்ணே" என்றது ஆமை.

காக்கை வேறு பக்கம் திரும்பிக்கொண்டது.

நீதி: நிதானமாக ஓடினால் பந்தயத்தில் ஜெயிக்கலாம். குளம் நிலைக்க வேண்டுமானால், மன்னரின் பிடரிக்கு இன்னும் கொஞ்சம் முடி கேட்டு மனுப் போடுங்கள்.